இருபத்தாறு வழிச்சாலையும் இடிந்த நடைபாதையும்

ஒரு நகரம் முன்னேறியிருக்கிறது என்பதை எதைக் கொண்டு அறிவது? இக்கேள்வியை உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். அகன்ற சாலைகள், அடுக்கு மேம்பாலங்கள், ஓடிக்கொண்டே இருக்கும் கார்கள் என்று பலர் விடை சொல்லக்கூடும். பொறியாளர்களுள் பலரும் நெடுங்காலம் இதே விடையைத்தான் நம்பி வந்தனர். இவ்விடை சரிதானா என்று சோதித்துப் பார்க்க ஏற்ற இடம் ஒன்று உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள ஹூஸ்டன் நகரமே அது.

1836ஆம் ஆண்டில் பஃபலோ பாயு என்னும் சிற்றாற்றின் கரையில் தோன்றிய இந்நகரில், 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 23 லட்சம் மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் ஏறத்தாழ 1,650 சதுர கிலோமீட்டர் பரப்பில் சிதறிக் கிடக்கின்றனர். ஒருகாலத்தில் இங்கும் டிராம் வண்டிகள் ஓடின; 1940இல் அவை நின்றுபோயின. ஹூஸ்டனையும் கடற்கரை நகரமான கால்வெஸ்டனையும் இணைத்த மின்சார ரயில் 1936இலேயே நின்றுவிட்டது. அந்த ரயில் ஓடிய நிலத்தின் ஒரு பகுதியில்தான், 1948இல் நகரின் முதல் விரைவுச்சாலை திறக்கப்பட்டது. அன்று முதல் இன்றுவரை நகரின் பெரும்பணம் காருக்கு வழி செய்வதிலேயே செலவாகி வருகிறது. இடையிடையே, கால்நடையாகச் செல்வோருக்கும் பேருந்தில் செல்வோருக்கும் சில நல்ல வேலைகளும் நடந்துள்ளன. இவ்விரு வகை வேலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடை போடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு தடத்தின் கணக்கு

முதலில் ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சாலையில் ஒரு தடத்தில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. விபத்தில்லாமல் செல்ல, முன்செல்லும் காருக்கும் பின்வரும் காருக்கும் இடையே இரண்டு விநாடி இடைவெளி வேண்டும் என்று கொள்வோம். ஒரு மணிக்கு 3,600 விநாடிகள். ஆகவே ஒரு தடத்தில் ஒரு மணி நேரத்தில் 1,800 கார்கள் ஒரு புள்ளியைக் கடக்கலாம்.

வேகத்தைக் கூட்டினால் இந்த எண்ணிக்கை கூடுமல்லவா என்று நீங்கள் கேட்கலாம். கூடாது. வேகம் இருமடங்கானால், அந்த இரண்டு விநாடியில் கார் கடக்கும் தூரமும் இருமடங்காகிறது. கார்களுக்கு இடையே விட வேண்டிய வெற்றிடமும் அவ்வாறே நீள்கிறது. ஆகவே விரைவுச்சாலையின் ஒரு தடம் நல்ல நிலையிலும் மணிக்கு ஏறத்தாழ 2,000 கார்களையே கடத்துகிறது. அதற்கு மேல் கார்கள் நுழைந்தால் ஒருவர் பிரேக்கை அழுத்த, பின்னால் வருபவர் இன்னும் பலமாக அழுத்த, அலை போல அது பின்னோக்கிப் பரவி, முடிவில் எல்லோரும் நிற்கின்றனர்.

காலை நேரத்தில் பெரும்பாலான கார்களில் ஓட்டுபவர் ஒருவரே இருப்பார். பத்துக் கார்களில் 12 பேர் என்று வைத்துக்கொண்டால், 1,800 கார்களில் செல்வோர் 2,160 பேர். அதே தடத்தில் நிமிடத்திற்கு ஒரு பேருந்து, பேருந்துக்கு 50 பேர் என்று விட்டால் 3,000 பேர் சென்றுவிடுவர். தடத்தில் ஓடுவதோ வெறும் 60 வண்டிகள். வண்டிகளை எண்ணும் பொறியாளருக்கு இரண்டாவது தடம் காலியாகத் தோன்றும். மனிதர்களை எண்ணுபவருக்கு அதுவே நிறைந்த தடம். எதை எண்ணுகிறோம் என்பதிலேயே பாதித் தீர்ப்பு அடங்கிவிடுகிறது.

அகலப்படுத்திய பின் நடந்தது

ஹூஸ்டன் நகர மையத்திலிருந்து மேற்கே கேட்டி என்னும் ஊரை நோக்கிச் செல்லும் விரைவுச்சாலைக்குக் கேட்டி விரைவுச்சாலை என்று பெயர். அதில் நெரிசல் தாங்க முடியவில்லை என்று கூறி, 2008ஆம் ஆண்டளவில் முடியுமாறு அதனை அகலப்படுத்தினர். செலவு 280 கோடி டாலர். பக்கத்தில் இருந்த பழைய ரயில் பாதையின் நிலமும் சாலைக்குள் சென்றது. மிக அகன்ற இடத்தில், இருபுற அணுகுசாலைகளையும் சேர்த்து எண்ணினால் 26 தடங்கள் இருக்கின்றன.

விளைவு என்ன? முதலில் சில ஆண்டுகள் பயணம் எளிதாயிற்று. பின்னர் நெரிசல் திரும்பி வந்தது. 2011க்கும் 2014க்கும் இடைப்பட்ட காலத்தில் மட்டும், புறநகரிலிருந்து நகர மையத்திற்கு வரும் காலைப் பயண நேரம் 30 விழுக்காடும், மாலையில் திரும்பும் நேரம் 55 விழுக்காடும் கூடின. சாலைகளில் பொருத்திய கருவிகள் பதிவு செய்த அளவுகளிலிருந்து கிடைத்த முடிவு இது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. கூட்டம் இல்லாத கடையைக் கண்டால் மற்றக் கடைகளில் நிற்பவர் அங்கே நகர்வதில்லையா? புதிய தடம் திறந்ததும், நெரிசலுக்கு அஞ்சி விடியற்காலையில் கிளம்பியவர் எட்டு மணிக்கே கிளம்புகிறார். வேறு சாலையில் சுற்றிச் சென்றவர் இதற்கு வருகிறார். பேருந்தில் சென்றவர் காரை எடுக்கிறார். அந்தோணி டவுன்ஸ் என்னும் பொருளியலறிஞர் 1962இலேயே இதனை ஒரு விதியாக எழுதிக் காட்டினார். 2011இல் டுராண்டன், டர்னர் என்னும் இருவர் அமெரிக்க நகரங்களின் அளவுகளை ஆராய்ந்து, விரைவுச்சாலைகளின் நீளமும் தடங்களும் எந்த விகிதத்தில் கூடுகின்றனவோ, ஏறக்குறைய அதே விகிதத்தில் கார்கள் ஓடும் தூரமும் கூடுகிறது என்று நிறுவினர்.

சாலையை ஆதரிப்போர் ஒரு மறுப்புக் கூறுவர். அதனையும் கேட்பதே முறை. 2000இல் 47 லட்சமாக இருந்த ஹூஸ்டன் பெருநகர்ப் பகுதியின் மக்கள்தொகை 2020இல் 71 லட்சமாயிற்று. நெரிசலுக்குக் காரணம் மக்கள்தொகைப் பெருக்கமே, சாலை அன்று. அகன்ற சாலை முன்னைவிட மிகுதியான பேரைச் சுமக்கத்தானே செய்கிறது என்பர். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் பெருகிய மக்கள் எங்கே குடியேறினர் என்று பாருங்கள். சாலை சென்ற திசையில், நகர மையத்திலிருந்து 40, 50 கிலோமீட்டர் தொலைவில் புல்வெளியாகக் கிடந்த நிலத்தில் வீட்டு மனைகள் எழுந்தன. மக்கள் வந்ததற்குச் சாலை காரணம் அன்று என்றே வைத்துக்கொண்டாலும், ஒவ்வொருவரும் நாள்தோறும் எவ்வளவு தூரம் கார் ஓட்ட வேண்டும் என்பதைச் சாலையே முடிவு செய்தது.

புல்வெளியை இழந்ததன் விலை வேறொரு நாளில் தெரிந்தது. நீண்ட வேர்களையுடைய புல் வளர்ந்த மண் மழை நீரைப் பிடித்து வைக்கும். காங்கிரீட் அப்படியே வழியவிடும். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது ஹூஸ்டன் வட்டாரத்தில் பல இடங்களில் ஒரு மீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. கேட்டி விரைவுச்சாலையின் இருபுறமும் உள்ள ஆடிக்ஸ், பார்க்கர் என்னும் வெள்ளத் தடுப்பு நீர்த்தேக்கங்கள் நிரம்பின. அவற்றின் மேற்புறத்து வீடுகளும் மூழ்கின. நீரைத் திறந்துவிட்டதும் கீழ்ப்புறத்து வீடுகளும் மூழ்கின. அவ்வளவு பெரும் மழையைப் புல்வெளி மட்டும் தடுத்திருக்காது. எனினும் நீர் உறிஞ்சும் நிலத்தைக் குறைத்துக்கொண்டே சென்ற நகரம், தன் ஆபத்தைத் தானே கூட்டிக்கொண்டது என்பதில் ஐயமில்லை.

குறுக்கே நின்ற வீடுகள்

விரைவுச்சாலை வெற்றிடத்தில் அமைவதில்லை. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் கட்டியெழுப்பிய நான்காம் வார்டை ஒரு விரைவுச்சாலை பிளந்தது. கறுப்பின மக்களின் கடைவீதியான லயன்ஸ் சாலை அமைந்த ஐந்தாம் வார்டை இரண்டு விரைவுச்சாலைகள் குறுக்கும் நெடுக்குமாக வெட்டின. நிலத்தின் விலையும், எதிர்த்துக் குரல் கொடுக்கும் வலிமையும் எங்கே குறைவோ அங்கே சாலை சென்றது.

இது பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். நகரின் வடக்கே செல்லும் 45ஆம் எண் விரைவுச்சாலையை மாற்றியமைக்க மாநில அரசு வகுத்த திட்டத்தில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் 344 வணிக நிலையங்களும் அகற்றப்பட வேண்டும் என்று அவ்வரசின் ஆய்வறிக்கையே கூறியது. 2021இல் நடுவண் அரசின் நெடுஞ்சாலைத் துறை, குடிமை உரிமைகள் பற்றிய முறையீடுகளை ஆராய்வதற்காக வேலையை நிறுத்தச் சொன்னது. 2023 மார்ச்சில் ஓர் உடன்பாடு ஏற்பட்டு, சில சலுகைகளுடன் திட்டம் மீண்டும் நகரத் தொடங்கியது. கேட்டி சாலையின் பாடம் கண்முன் இருக்கும்போதே, அதே மருந்தை அதே நோய்க்கு இன்னும் கூடுதலாகக் கொடுக்கின்றனர். இம்முறையும் விலை கொடுப்பவர், சாலையில் விரைந்து செல்லப்போகிறவர் அல்லர்.

தெருவைக் கடக்க எத்தனை விநாடி?

விரைவுச்சாலையை விட்டு ஊர்த்தெருவுக்கு வருவோம். ஹூஸ்டனின் பெரிய தெருக்களுள் பல ஆறு அல்லது ஏழு தடங்கள் கொண்டவை. ஒரு தடம் 3.6 மீட்டர் என்றால் ஏழு தடங்கள் ஏறத்தாழ 25 மீட்டர். விநாடிக்கு 1.2 மீட்டர் நடக்கும் இளைஞர் இதனைக் கடக்க 21 விநாடி ஆகும். விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு 31 விநாடி. இந்தப் பத்து விநாடி வேறுபாட்டில்தான் சிக்னல் மாறிவிடுகிறது.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் செல்கிறது. ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு, கால் பிரேக்கை அடைய ஒன்றரை விநாடி ஆகுமானால், அதற்குள் கார் 25 மீட்டர் பாய்ந்துவிடும். பிரேக் வேலை செய்வது அதன் பிறகே. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவது என்று பள்ளியில் படித்திருக்கிறீர்கள். 30 கிலோமீட்டரில் மோதும் காரைவிட 60 கிலோமீட்டரில் மோதும் காருக்கு நான்கு மடங்கு ஆற்றல் உண்டு. முன்னதில் அடிபட்டவர் பெரும்பாலும் உயிர் பிழைப்பார். பின்னதில் உயிரிழக்கும் ஆபத்து பன்மடங்கு அதிகம். தெருவின் அகலமும் வேகமும் உயிர் பற்றிய செய்திகள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நடைபாதை உண்டா என்றால், அதிலும் ஒரு விந்தை. ஹூஸ்டனில் சாலையைச் செப்பனிடுவது அரசின் கடமை. வீட்டின் முன்னுள்ள நடைபாதையைச் செப்பனிடுவதோ வீட்டுக்காரரின் கடமை என்பது நகரச் சட்டம். பணமுள்ளவர் செப்பனிடுவார், இல்லாதவர் வீட்டுமுன் அது பெயர்ந்து கிடக்கும். பழைய பகுதிகள் பலவற்றில் நடைபாதையே இல்லை; திறந்த மழைநீர்க் கால்வாயை ஒட்டிப் புல்லில் நடக்க வேண்டும். சாலையைப் பொதுச் சொத்தாகவும் நடைபாதையைத் தனியார் பொறுப்பாகவும் கருதும் ஒரு சட்டம், காரில் செல்பவரைக் குடிமகனாகவும் நடந்து செல்பவரை வழிப்போக்கனாகவும் பிரித்துவிடுகிறது.

சிறிய வேலைகள், பெரிய பலன்

இனி நல்ல வேலைகளைக் காண்போம். 2015 ஆகஸ்டு 16ஆம் நாள் ஹூஸ்டனின் உள்ளூர்ப் பேருந்து வழித்தடங்கள் ஒரே இரவில் மாற்றியமைக்கப்பட்டன. முன்பு பெரும்பாலான பேருந்துகள் நகர மையத்தை நோக்கியே சென்றன. வேலையிடங்களோ நகரெங்கும் பரவிவிட்டன. புதிய அமைப்பில் வழித்தடங்கள் சதுரங்கக் கட்டம் போல் நேராகவும் குறுக்காகவும் செல்கின்றன. ஒருமுறை மாறி ஏறினால் பல இடங்களை அடையலாம். முக்கிய வழித்தடங்களில் 15 நிமிடத்திற்கு ஒரு பேருந்து, ஞாயிற்றுக்கிழமையிலும் கூட.

இதன் அருமையைக் கணக்கில் காணலாம். நேரம் பாராமல் நிறுத்தத்திற்கு வருபவர் சராசரியாகக் காத்திருக்கும் நேரம், இரு பேருந்துகளின் இடைவெளியில் பாதி. மணிக்கு ஒரு பேருந்து என்றால் அரை மணி. 15 நிமிடத்திற்கு ஒன்று என்றால் ஏழரை நிமிடம். புதிய சாலை ஒன்றும் போடாமல், ஏறக்குறைய முன்பிருந்த நடைமுறைச் செலவிலேயே இதைச் செய்தனர். வார இறுதி நாட்களில் பயணிகள் கூட்டம் தெளிவாகக் கூடியது.

மிட்டவுன் பகுதியில் பாக்பி தெரு என்று ஒன்று உண்டு. அதில் குறுக்குத்தெருக்களுக்கு இடைப்பட்ட பத்துப் பகுதிகளை 2013இல் புதுப்பித்தனர். கார்த் தடங்களைக் குறைத்து, நடைபாதையை அகலமாக்கி, மரம் நட்டு, சாலை ஓரத்தில் மழைநீர்ப் பாத்திகள் அமைத்தனர். தெருவில் விழும் நீர் அப்பாத்திகளில் தங்கி, செடி வேர்களில் வடிந்து, அழுக்கு நீங்கிய பின்னரே கால்வாய்க்குச் செல்கிறது. கடக்க வேண்டிய அகலம் குறைந்ததால் நடப்பவர் தெருவில் சிக்கிக்கொள்ளும் நேரமும் குறைந்தது.

2012இல் நகர மக்கள் வாக்களித்து ஒப்புதல் தந்த ஒரு திட்டம், சிற்றாற்றங்கரைகளில் 240 கிலோமீட்டர் நீளத்திற்கு நடைவழியும் மிதிவண்டி வழியும் பூங்காக்களும் அமைப்பது. பொதுப்பணமும் நன்கொடையும் சேர்ந்து இதற்கு ஒதுக்கப்பட்டது 22 கோடி டாலர். கேட்டி சாலைக்கு ஆன 280 கோடியுடன் ஒப்பிடுங்கள். பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் குறைவு. வெள்ளம் வந்தால் பூங்கா சில நாள் நீரில் கிடக்கும். நீர் வடிந்ததும் மீண்டும் பூங்காவாகும்.

வண்டி நிறுத்தும் விதியும் மாறி வருகிறது. ஹூஸ்டனில் நிலப் பயன்பாட்டு மண்டலச் சட்டம் இல்லை என்பதைப் பெருமையாகச் சொல்வர். ஆனால் 1,000 சதுர அடி உணவகம் நடத்த எட்டு அல்லது அதற்கு மேற்பட்ட கார்கள் நிற்க இடம் விட வேண்டும் என்று ஒரு விதி உண்டு. கார் திரும்பும் இடத்தையும் சேர்த்து ஒரு காருக்கு 300 சதுர அடி என்றால், எட்டுக் கார்களுக்கு 2,400 சதுர அடி. உண்ணும் இடத்தைவிடக் கார் நிற்கும் இடம் இருமடங்குக்கும் மேல்! இவ்விதியால் கடைகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்கின்றன. நடந்து செல்ல முடியாத தூரம் தானாகவே உண்டாகிறது. நகர மையத்திற்கு இருந்த விலக்கு 2019இல் மிட்டவுன், கிழக்கு மையப் பகுதிகளுக்கும் நீட்டப்பட்டது. பணச் செலவே இல்லாத சீர்திருத்தம் இது.

இவற்றிலும் குறை உண்டு

சிறிய வேலைகள் யாவும் குற்றமற்றவை என்று கூறுவது திறனாய்வு ஆகாது. பாக்பி தெரு எழில் பெற்றது, ஏற்கெனவே முதலீடு பாயும் பகுதியில். வடகிழக்கே ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் கால்வாய் ஓரப் புல்தான் இன்றும் பலருக்கு நடைபாதை. பேருந்துக் கட்டம் சிறந்த அமைப்பே. ஆனால் பயணிகள் குறைவான சில பகுதிகளில் நிலையான வழித்தடம் போய், அழைத்தால் வரும் சிறு வண்டி வந்தது. பேருந்து 15 நிமிடத்தில் வந்தாலும், நிறுத்தம்வரை நடக்க வழியில்லாத மூதாட்டிக்கு அதனால் என்ன பயன்? ஆற்றங்கரை நடைவழி உலாவுவதற்கு இனியது. ஆனால் கடைக்கும் பள்ளிக்கும் கொண்டு சேர்க்கும் குறுக்கு வழிகள் போதவில்லை. மேலும், தெரு அழகானால் வாடகை உயர்கிறது. அத்தெருவுக்காக நெடுநாள் போராடிய வாடகைக் குடித்தனக்காரர் அதில் நடக்க முடியாமல் வேறிடம் பெயர்கிறார். வீட்டு வாடகையைப் பற்றிச் சிந்திக்காத தெருச் சீரமைப்பு பாதி வேலையே.

எல்லாவற்றிலும் பெரிய குறை, இவ்வேலைகள் நிலைத்து நிற்பதில்லை என்பது. சாலை விபத்துச் சாவுகளை 2030க்குள் இல்லாமல் செய்வோம் என்று நகரம் 2020இல் ஒரு செயல்திட்டம் வெளியிட்டது. ஹூஸ்டன் அவென்யூ என்னும் தெருவில் நடப்போர் பாதி வழியில் நின்று இளைப்பாற நடுத்திட்டுகள் 2023இல் கட்டப்பட்டன. மறு ஆண்டே, புதிய மேயரின் ஆட்சியில் அவை பெயர்த்தெறியப்பட்டன. விரைவுச்சாலையில் ஒரு தடத்தைக்கூட இப்படிப் பெயர்த்ததாகக் கேள்விப்படுகிறோமா? காருக்குச் செய்த வேலை நூற்றாண்டுக்கு. நடப்பவருக்குச் செய்த வேலை அடுத்த தேர்தல்வரை.

தீர்ப்பு

ஹூஸ்டன் பொறியாளர்களுக்குத் திறமை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. 26 தடங்களை வெள்ளச் சமவெளியில் நிறுத்திக் காட்டியவர்கள் அவர்கள். தவறு அவர்கள் கையில் கொடுத்த அளவுகோலில் இருக்கிறது. ஒரு கார் எவ்வளவு வேகமாகக் கடந்து செல்கிறது என்று அளந்தால், கிடைப்பது கடந்து செல்வதற்கான நகரம். ஒரு மனிதர் அரை மணி நேரத்தில் உயிருக்கு அஞ்சாமல் எத்தனை கடைகளை, பள்ளிகளை, வேலையிடங்களை அடைய முடிகிறது என்று அளந்திருந்தால், பேருந்தும் நடைபாதையும் முதலிலும் 26ஆம் தடம் கடைசியிலும் வந்திருக்கும்.

காரே வேண்டாம் என்பது நம் வாதமன்று. அத்தனை பரந்த நகரில் கார் இல்லாமல் பலரால் வாழ இயலாது. ஆனால் கார் வாங்க இயலாதவரும், ஓட்டக் கூடாத வயதினரும், பார்வையற்றவரும் அந்நகரிலேயே வாழ்கின்றனர். அவர்களுக்கும் பயன்படும் வேலையே எல்லோருக்கும் பயன்படும் வேலை.

எந்த ஊரில் எந்தச் சாலைத் திட்டத்தைப் பற்றிப் படித்தாலும், வாசகர்களே, மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதனால் நேரம் மிச்சமாவது யாருக்கு? வீட்டையோ நடைவழியையோ இழப்பவர் யார்? பத்து ஆண்டுகளுக்குப் பின் அந்த நேரம் மிச்சமாகவே இருக்குமா? பிறகு கைக்கடிகாரத்துடன் உங்கள் ஊர்ப் பெரிய தெருவுக்குச் செல்லுங்கள். ஒரு முதியவர் அதனைக் கடக்க எத்தனை விநாடி ஆகிறது, சிக்னல் எத்தனை விநாடி விடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது எண் சிறியதாக இருந்தால், அதை ஒரு தாளில் எழுதி நகராட்சிக்கு அனுப்புங்கள்.